630-டி.எஸ்: ஒரு பழைய பெட்டியின் மறுபிறவி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946-ல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 630-டி.எஸ் என்ற தொலைக்காட்சிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 10 அங்குலப் படக்குழாயோடு சேர்த்து மொத்தம் 30 வால்வுகள்!

இன்று அப்படி ஒன்று கிடைத்தால் ஆசையில் உடனே பிளக்கைச் சொருகிவிடக் கூடாது. மெழுகு பூசிய காகித கெபாசிட்டர்களில் மின்கசிவு இருக்கும். டிரான்ஸ்பார்மரே கருகிவிடலாம். கெபாசிட்டர்களையும் உதிரும் ஒயர்களையும் முதலில் மாற்ற வேண்டும்.

எல்லாம் புதிதானால் அது பழைய பெட்டிதானா? அதனால்தான் சிலர் பழைய கெபாசிட்டரின் கூட்டைக் காலி செய்து, புதியதை உள்ளே ஒளித்து வைக்கிறார்கள். சேசிஸைப் பார்த்தால் 1946 போலவே இருக்கும்.

அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12-ல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. இப்போது மாடுலேட்டர் வைத்துத்தான் படம் காட்ட வேண்டும். எங்கள் வணிகவியல் பாடப்படி தேய்மானம் போட்டால் இதன் மதிப்பு என்றோ பூஜ்யம். வரலாற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, இல்லையா?