பனிச்சேற்றில் ஒரு கோல் கீப்பர்

1958 பிப்ரவரி 6. பிற்பகல் மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்கள். மியூனிக் நகரின் ரீம் விமான நிலையத்துக்கு வெளியே நொறுங்கிக் கிடந்த விமானத்துக்குள் நினைவு திரும்பிய ஹாரி கிரெக், தான் செத்துப்போய்விட்டதாகவே நினைத்தார். அவ்வளவு இருட்டு. தலையில் அடி, முகத்தில் ரத்தம். பிறகு ஓர் ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தது. அதை உதைத்துப் பெரிதாக்கி வெளியே வந்தார். கேப்டன் ஜேம்ஸ் தெயின் கையில் ஒரு சின்னத் தீயணைப்புக் கருவியோடு ஓடிக்கொண்டிருந்தார். விமானம் வெடிக்கப்போகிறது, ஓடிவிடு என்று கத்தினார்.

மற்றவர்கள் ஓடினார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; நாமும் ஓடியிருப்போம். கிரெக்கின் காதில் மட்டும் ஒரு குழந்தையின் அழுகை விழுந்தது. திரும்பி உள்ளே போனார்.

அவர் மான்செஸ்டர் யுனைடெட் அணியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வடக்கு அயர்லாந்தின் கோல்ரெய்னில் வளர்ந்து, தச்சு வேலை பழகிய பையன். டான்காஸ்டர் ரோவர்ஸ் அணியிலிருந்து 23,500 பவுண்டு கொடுத்து அவரை வாங்கினார் யுனைடெட் மேலாளர் மேட் பஸ்பி. ஒரு கோல் கீப்பருக்கு உலகில் அதுவரை யாரும் கொடுத்திராத விலை அது. விபத்துக்கு முதல் நாள்தான் பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 எனச் சமன்செய்து, ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்குள் நுழைந்திருந்தார்கள். சனிக்கிழமை ஊரில் லீக் ஆட்டம் காத்திருந்தது.

ஊர் திரும்பும் வழியில் எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய அணியின் விமானம், இரண்டு முறை ஓடிப் பார்த்தும் எழும்பவில்லை. எஞ்சினில் அழுத்தம் ஏறி இறங்கியது. இரவு தங்கி எஞ்சினைச் சரிபார்க்கலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. மூன்றாம் முறை வேகம் 117 நாட் வரை ஏறியது. எழும்ப இன்னும் 2 நாட் போதும். ஆனால் ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் யாரும் மிதிக்காத பனிச்சேறு தேங்கிக் கிடந்தது. சக்கரங்கள் அதில் புகுந்ததும் வேகம் 105-க்குச் சரிந்தது. வேலியை உடைத்துச் சாலையைத் தாண்டி ஒரு வீட்டில் மோதியது விமானம். இறக்கையில் பனிக்கட்டி படிந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்று ஜெர்மானிய விசாரணை தெயின் மீது பழி போட்டது. அவர் மீது தவறில்லை என்று பிரிட்டன் சொன்னது 1969-ல்தான். அதற்குள் அந்த மனிதரின் விமானி வாழ்க்கையே முடிந்துபோயிருந்தது.

கிரெக்கிடம் வருவோம். இடிபாடுகளுக்குள் தேடி, இரண்டு வயதுகூட நிரம்பாத வெஸ்னா என்ற அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். குழந்தையைக் கைமாற்றிவிட்டு மறுபடி உள்ளே போனார். இந்த இரண்டாவது முறைதான் எனக்கு மலைப்பு. முதல் முறை அழுகை கேட்டு உடம்பு தானாக ஓடியது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாகிவிட்டது. அப்படியும் போய், குழந்தையின் தாய் வேரா லூகிச்சைப் படுகாயத்தோடு வெளியே தள்ளிக் கொண்டுவந்தார். யூகோஸ்லாவிய ராஜதந்திரி ஒருவரின் மனைவி அவர், கர்ப்பிணி.

பிறகு அணித் தோழர்கள் பாபி சார்ல்டனும் டென்னிஸ் வயலட்டும் கண்ணில் பட்டார்கள். இறந்துவிட்டார்கள் என்றே எண்ணி, கால்சட்டை இடுப்புப் பட்டியைப் பிடித்து இருவரையும் இழுத்து அப்பால் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், இருவரும் நின்றபடி எரியும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை சிதைந்து கிடந்த இன்னொரு தோழர் ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவருக்குத் தன் கழுத்து டையைக் கழற்றிக் கட்டுப்போட்டார்.

விமானத்தில் இருந்தவர்கள் 44 பேர். இறந்தவர்கள் 23. அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். 21 வயது டங்கன் எட்வர்ட்ஸ் மருத்துவமனையில் 15 நாள் போராடிவிட்டுப் போனார்.

விபத்து நடந்த 13-ஆம் நாள், ஷெஃபீல்டு வென்ஸ்டே அணிக்கு எதிராகக் கிரெக் மீண்டும் கோல் கம்பத்தின் முன் நின்றார். உயிர் தப்பியவர்களில் அன்று ஆடியது அவரும் பில் ஃபோக்சும் மட்டுமே. ஆட்டத்துக்கு அச்சிட்ட நிகழ்ச்சித்தாளில் யுனைடெட் வீரர்களின் பெயர் இருக்க வேண்டிய இடங்கள் வெற்றாக விடப்பட்டிருந்தன. யார் ஆடுவார்கள் என்பது அச்சிடும்போது தெரிந்திருக்கவில்லை. 3-0 என வென்றார்கள். அதே ஆண்டு ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில் வடக்கு அயர்லாந்து காலிறுதி வரை போனது. போட்டியின் சிறந்த கோல் கீப்பர் கிரெக்தான்.

ஆனால் வீரர், தியாகி என்ற சொற்களை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ‘நாயகன்’ என்று அழைத்தால் முகம் சுளிப்பார். தான் பிழைத்ததே தவறு என்பதுபோல ஒரு குற்ற உணர்வு அவரைப் பல ஆண்டுகள் அரித்தது. இறந்துபோன தோழர்களின் மனைவிமாரை நேருக்கு நேர் பார்க்கக் கூசினார். மியூனிக்கைப் பற்றிக் கேட்டவர்களிடம், தான் ஆடிய ஆட்டத்துக்காகத் தன்னை நினைக்கட்டும் என்பார்.

2008-ல், ஐம்பது ஆண்டு நிறைவை ஒட்டி, ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்காகப் பெல்கிரேடு போனார். வேராவின் குடும்பத்தைச் சந்தித்தார். அங்கே ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர் அவரைப் பார்க்கக் காத்திருந்தார். பெயர் சோரான். அன்று கிரெக் வேராவை வெளியே கொண்டுவந்தபோது, சோரான் தன் தாயின் வயிற்றில் இருந்தார்.