வெள்ளையரோடு வந்தோமா?
சனிக்கிழமை வரலாற்று வகுப்பில் கற்றதும் கற்பித்ததும்

நம் சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒருநாள் கேட்டோம்: "இந்த மண்ணுக்கு நாம் எப்போது வந்தோம்?" ஏறக்குறைய எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "வெள்ளைக்காரனோடு." எந்த ஊருக்கு என்று கேட்டால் பதில் இல்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அவர்களுக்கு ஒரே பெயர்: நீரிணைக் குடியேற்றங்கள். ஆண்டு 1826. பரீட்சைக்கு அது போதும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. பல ஆண்டுகள் நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். லைட் வந்தார், ராஃபிள்ஸ் வந்தார், பின்னால் நம் முன்னோர் வந்தனர் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டோம். அந்த வரிசை பிழை என்பது உறைத்த பிறகுதான் மூன்று ஊர்களையும் தனித்தனியாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தோம். ஆசிரியர்களாகிய எங்களுக்கே அது புதுப் படிப்பு.

முதலில் பினாங்கு. 1786 ஆகஸ்ட் 11-ல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றினார். இது பாடநூலில் இருக்கிறது. அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பிள்ளைகள் கேட்டதில்லை. சென்னையிலிருந்த ஓர் ஆங்கில வணிக நிறுவனத்துக்காகக் கெடா கரையில் பல ஆண்டுகள் வாணிபம் செய்தவர் அவர். ஆங்கிலேயர் சென்னையில் கால்வைத்தது 1639-ல். ஆக, பினாங்கில் கொடி ஏறுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை மரக்கலக்காரர்களுக்கு இவர்கள் பக்கத்துக் கடைக்காரர்கள், போட்டியாளர்கள். கெடாவின் துறைமுகத்திலோ நம்மவர் லைட்டுக்கு முன்பே குடியிருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களை அந்நாளில் சூலியா என்றே அழைத்தனர்.

லைட் 1794-ல் தம் மேலிடத்துக்கு அனுப்பிய கடிதத்தில் இது பதிவாகியிருக்கிறது. சூலியாக்கள் நெடுங்காலமாகக் கோலக்கெடாவில் வாழ்ந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்களும் உண்டு, இப்போது சுமார் 1,000 பேர் தீவில் குடியேறியிருக்கிறார்கள் என்கிறார். அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, கடை வைத்தும் கூலி வேலை செய்தும் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும் எழுதுகிறார். இதை வாசித்துக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்படின்னா அவர் வரலை, நாமதான் பக்கத்து வீட்டிலேருந்து அவர் புது வீட்டுக்குப் போனோமா?" அதைவிடச் சரியாக எங்களால் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் புது வீடு எப்படிக் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். சயாமின் அச்சுறுத்தலில் இருந்த கெடா சுல்தான் படைத்துணையை எதிர்பார்த்தே தீவைக் கொடுத்தார். கம்பெனி அந்தத் துணையைத் தரவில்லை. 1791-ல் சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கினார். அதன்பின் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை ஆனது. 1800-ல் செபராங் பிறையையும் சேர்த்துக்கொண்டு தொகையை 10,000 ஆக்கினார்கள். 1821-ல் சயாம் கெடாவைப் பிடித்தபோதும் கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பினாங்குக்காக இன்றைக்கும் கெடாவுக்கு ஆண்டுப் பணம் போகிறது என்று சொன்னதும் பிள்ளைகளால் நம்ப முடியவில்லை.

தொடக்கக் காலப் பினாங்கில் ஒழுங்கான நீதிமன்றம் கிடையாது. 1807-ல்தான் அரச சாசனம் வந்தது. அதுவரை ஒவ்வொரு சமூகத்தின் சில்லறை வழக்குகளையும் அதனதன் தலைவரே தீர்த்துவைத்தார். அவருக்குக் கப்பித்தான் என்று பெயர். நம்மவருக்குக் கப்பித்தானாக இருந்தவர் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் மைதீன். கம்பெனி தந்த நிலத்தில் 1801-ல் பள்ளிவாசல் எழுந்தது. பட்டணத்தின் நடுவில், பிட் தெருவில், 18 ஏக்கர் வக்ஃபு நிலம். கம்பெனிக்கு ஆட்கள் வேண்டும், கடைகள் வேண்டும், வெறுந்தீவு ஊராக வேண்டும். அந்தத் தேவைதான் நிலமாக வந்தது. தயாளம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு பையன் கையை உயர்த்தினான். "கிளிங் பள்ளிவாசல்னு சொல்றாங்களே, ஸ்கூல்ல என்னை அப்படித்தானே திட்டறாங்க?" வகுப்பே அமைதியாகிவிட்டது. பழைய மலாய் ஏடுகளில் அது தென்னாட்டாரைக் குறிக்கும் சாதாரணப் பெயர், கலிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் கருதுகிறார்கள், பின்னால் வசையாகிப் போனது என்று விளக்கினோம். பள்ளிவாசலின் பெயர்ப்பலகையில் இருக்கும்போது அது பட்டம், உன்னைப் பார்த்துச் சொல்லும்போது அது வசை, இரண்டும் உண்மை என்றோம். அவன் முழுக்கச் சமாதானமானதாகத் தெரியவில்லை. எங்களுக்கும் அந்தச் சொல் இன்னும் உறுத்தத்தான் செய்கிறது.

அடுத்தது மலாக்கா. அங்கே கதை தலைகீழ். மலாக்காவில் ஆங்கிலேயர்தாம் கடைசியில் வந்த விருந்தாளிகள். 1511-ல் போர்த்துக்கீசியர், 1641-ல் டச்சுக்காரர், 1795-ல் ஆங்கிலேயர். அதுவும் டச்சுக்காரருக்காகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் வந்தார்கள். இடையில் 1807-ல் பழைய கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1818-ல் ஊரைத் திருப்பிக் கொடுத்து, 1824 லண்டன் உடன்படிக்கைப்படி சுமாத்ராவின் பெங்கூலுவைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். நம்மவர் கதையோ சுல்தான்கள் காலத்துக்குப் போகிறது. பெண்டஹாரா துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர் என்று செஜாரா மெலாயு கூறுகிறது. அங்குள்ள கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748-ல் எழுந்தது. லைட் பினாங்குக்கு வர இன்னும் 38 ஆண்டு இருந்தது.

அங்கே ஆங்கிலேயருக்கு வெறுந்தீவு கிடைக்கவில்லை. டச்சுச் சட்டமும் பழைய நிலவுரிமைகளும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. அதைப் புரிந்துகொள்ளாமல் நானிங் மக்களிடம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கேட்டு, டோல் சையிட் தலைமையில் எழுந்த எதிர்ப்பை அடக்க 1831, 1832-ல் படை நடத்தினார்கள். ஒரு சிறு வட்டாரத்தின் வரிக்காக இரண்டு படையெடுப்பு! கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரனான ஒரு பையன், வரவைவிடச் செலவு அதிகமாக இருக்குமே என்று கேட்டான். அதிகம்தான், மிக அதிகம்.

சிங்கப்பூரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முன்பே கொஞ்சம் தெரியும் என்பதால் அதிக நேரம் எடுக்கவில்லை. 1819-ல் ராஃபிள்ஸ் வந்தபின் பினாங்கிலிருந்தே பலர் அங்கே இறங்கினர். சுங்கமில்லாத் துறைமுகம் என்பது அவர்களை இழுத்தது. பினாங்கில் நம்மவர் தெருக்கள் தாமாக வளர்ந்தன என்றால், சிங்கப்பூரில் 1822-ல் போடப்பட்ட நகரத் திட்டத்தில் ஆற்றின் மேற்பக்கம் சூலியா கம்பம் என்று கோடு கிழித்தே இடம் ஒதுக்கினார்கள். ஆற்றில் சரக்குப் படகுகளை ஓட்டியவர்களில் நம்மவர் முன்னணியில் இருந்தனர். 1826-ல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தொடங்கியது. மறு ஆண்டு தெலுக் ஆயர் தெருவில் ஓலைக்குடிசையாக ஒரு பள்ளி எழுந்தது. அதனால்தான் அதைக் குச்சுப் பள்ளி என்றார்கள். அதே தெருவில் சில ஆண்டுகளுக்குள் நாகூர் தர்காவும் வந்துவிட்டது. பினாங்கின் சூலியா தெருவிலும் ஒரு நாகூர் தர்கா உண்டு என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1832-ல் தலைநகர் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு மாறியது. நம் சங்கப் பொதுக்கூட்டங்களில் பினாங்குக்காரர்கள் இன்றும் அதை மன்னித்ததாகத் தெரியவில்லை!

இவ்வளவும் சொல்லிமுடித்து, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினோம். அடுத்த வாரம் வந்த பதில்கள்தாம் எங்களைத் திகைக்கவைத்தன. கெடா சுல்தானும் கப்பித்தானும் எந்த வீட்டிலும் இல்லை. "எங்க பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்" என்பதே திரும்பத் திரும்ப வந்தது. ரஜூலா 1926-ல் ஓடத் தொடங்கிய கப்பல். சில பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. 1786-க்கு முந்தியவர்கள் என்று போன வாரம் பெருமைப்பட்டவர்கள் ஆயிற்றே!

தவறு எங்கள் பக்கமும் இருந்தது. நம் சமூகம் இங்கே தொன்மையானது என்பதையும், நம் ஒவ்வொரு குடும்பமும் தொன்மையானது என்பதையும் ஒன்றாகக் குழைத்துவிட்டோம். ஒரு சோற்றுக்கடைக்கும் ஒரு பணமாற்றுக்கடைக்கும் ஆள் தேவைப்பட்டு, உறவினர் எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களே நம்மில் பெரும்பாலோர். ரஜூலா முதலில் பினாங்கில் நின்றது, பிறகு போர்ட் சுவெட்டன்ஹாம், பிறகு சிங்கப்பூர். இறங்கிய அன்று தொழப் பள்ளிவாசலும், படுக்கத் திண்ணையும், தமிழ் பேசும் கடையும் அவர்களுக்குக் காத்திருந்தன என்றால், அவை அந்தப் பழைய சூலியாக்கள் விட்டுப்போனவை. அடுத்த வகுப்பில் இதைச் சொன்னபோது, பாட்டனாரின் கப்பல் பயணத்தை எழுதிவர மூன்று பேர் தாமாகவே முன்வந்தார்கள்.

இப்போது வகுப்புச் சுவரில் நீரிணை வரைபடம் ஒன்றை ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தில் முதலில் வந்தவர் இறங்கிய துறைமுகத்தில் குண்டூசி குத்த வேண்டும். ஆதாரமாக ஒரு கடவுச்சீட்டோ, நிலப்பத்திரமோ, நிக்காஹ் பதிவோ, கடிதமோ காட்ட வேண்டும். பரணில் அப்படிப்பட்ட தாள்கள் இருந்தால் எறிந்துவிடாமல் பிள்ளைகளிடம் ஒரு பிரதியாவது கொடுத்தனுப்புங்கள். பினாங்கில் ஊசிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. சிங்கப்பூரில் கொஞ்சம், மலாக்காவில் இரண்டு. கோலக்கெடாவில் ஒன்றே ஒன்று. அதைக் குத்திய சிறுமியிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அவளுடைய உம்மம்மா அப்படிச் சொன்னாராம். விதிப்படி அதை எடுத்துவிட்டிருக்க வேண்டும். நாங்கள் எடுக்கவில்லை.