முதியோருக்கான சிறுகுழுத் தனிப்பயணம்

முதியோருக்கான சிறுகுழுத் தனிப்பயணம் என்பது, ஏறத்தாழ ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் துணைவரோ உறவினரோ நண்பரோ இன்றித் தாம் மட்டும் பதிவு செய்துகொண்டு, சுற்றுலா நிறுவனம் ஒன்று ஒழுங்குசெய்யும் சிறிய குழுவுடன் மேற்கொள்ளும் பயணம் ஆகும். பதிவு செய்யும்போது தனியாளாகவும், பயணத்தின்போது குழுவின் உறுப்பினராகவும் இருப்பதே இதன் அடிப்படை இயல்பு. இப்பயண முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வளர்ச்சி பெற்றது. இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் நிலவும் நடைமுறையை விளக்குகிறது.

சுற்றுலாத் தொழிலின் கட்டணமும் அறை அமைப்பும் நெடுங்காலமாக இருவர் இணைந்து பயணிப்பதை அடிப்படையாகக் கொண்டே அமைந்துள்ளன. துணைவரை இழந்தவரும், துணைவர் நோயுற்றிருப்பவரும், திருமணம் செய்யாதவரும் முதுமையில் பயணத்தைத் தொடர முடியுமா என்பது இந்த அமைப்பு எந்த அளவுக்கு நெகிழ்ந்து கொடுக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்துள்ளது.

வரையறை

சிறுகுழு என்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே எண்ணிக்கை இல்லை. வழமையான பேருந்துச் சுற்றுலாவில் நாற்பது முதல் ஐம்பது பேர் வரை செல்வர். சிறுகுழுச் சுற்றுலாவில் பொதுவாக 8 முதல் 16 பேர் வரை இடம்பெறுவர். சில நிறுவனங்கள் 24 பேர் கொண்ட குழுவையும் சிறுகுழு என்றே குறிப்பிடுகின்றன.

தனிப்பயணி என்னும் சொல் திருமண நிலையைக் குறிப்பதில்லை. துணைவருக்குப் பயணத்தில் விருப்பம் இல்லாமையாலோ, நெடுந்தொலைவு நடக்க இயலாமையாலோ தாம் மட்டும் வரும் மணமானவர்களும் இவ்வகையில் அடங்குவர்.

வரலாறு

தொடக்க முயற்சிகள்

ஓய்வு பெற்றோரை மட்டும் கருத்தில் கொண்டு சுற்றுலாவை ஒழுங்குசெய்த முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தின் கடற்கரை நகரான ஃபோக்ஸ்டனில் விடுதி நடத்திய சிட்னி டி ஹான் ஆவார். கோடைக்குப் பின்னர் விடுதி அறைகள் வெறுமையாகக் கிடப்பதையும், ஓய்வு பெற்றோர் ஆண்டின் எந்த மாதத்திலும் பயணிக்கக் கூடியவர்கள் என்பதையும் இணைத்து நோக்கிய இவர், 1951 ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிலே பின்னர் சாகா என்னும் பெயரில் பெருநிறுவனமாக வளர்ந்தது.

ஐக்கிய அமெரிக்காவில், கலிபோர்னியாவில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எத்தெல் பெர்சி ஆண்ட்ரசு 1947 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கான சங்கத்தையும், 1958 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றோர் அனைவருக்குமான சங்கத்தையும் நிறுவினார். அச்சங்கத்தின் உறுப்பினர்களுக்காகவே 1958 இல் கிராண்ட் சர்க்கிள் என்னும் பயண நிறுவனம் உருவாக்கப்பட்டது. இந்நிறுவனம் 1993 ஆம் ஆண்டில் ஓவர்சீசு அட்வென்சர் டிராவல் என்ற சிறுகுழுப் பயண நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக் கொண்டது.

எல்டர்ஹோஸ்டல்

இத்துறையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்திய அமைப்பு எல்டர்ஹோஸ்டல் ஆகும். மார்ட்டி நோல்ட்டன் என்னும் கல்வியாளர் ஐரோப்பாவில் நான்கு ஆண்டுகள் நடைப்பயணம் மேற்கொண்டபோது இளைஞர் விடுதிகளில் தங்கினார். ஸ்காண்டிநேவிய நாடுகளின் மக்கள் கல்விக்கூடங்களில் முதியோர் மரபுக் கலைகளை இளையோருக்குக் கற்பிப்பதையும் கண்டார். நாடு திரும்பிய அவர், நியூ ஹாம்சயர் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிகளுக்குப் பொறுப்பாக இருந்த டேவிட் பியாங்கோ என்பவருடன் இணைந்து 1975 ஆம் ஆண்டில் எல்டர்ஹோஸ்டலைத் தொடங்கினார்.

கோடை விடுமுறையில் வெறுமையாக இருக்கும் மாணவர் விடுதிகளில் முதியோரைத் தங்கவைத்து, பேராசிரியர்களைக் கொண்டு குறுகிய காலப் பாடங்களை நடத்துவதே திட்டம். முதற்கோடையில் நியூ ஹாம்சயர் மாநிலத்தின் ஐந்து கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 220 பேர் கலந்துகொண்டனர். 1980 ஆம் ஆண்டளவில் பங்கேற்றோர் எண்ணிக்கை 20,000 ஐக் கடந்தது. 1980களில் வெளிநாட்டுப் பயணங்களும் சேர்க்கப்பட்டன.

இலாப நோக்கற்ற இவ்வமைப்பு 2010 ஆம் ஆண்டில் ரோடு ஸ்காலர் என்ற பெயருக்கு மாறியது. ரோட்ஸ் ஸ்காலர் என்னும் புகழ்பெற்ற உதவித்தொகைப் பெயரின் ஒலியை இப்பெயர் ஒத்துள்ளது. வழியே கற்பவர் என்ற பொருளையும் தருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறையினர் முதியோர் என்று அழைக்கப்படுவதை விரும்பாமையே பெயர் மாற்றத்துக்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. தொடக்கத்தில் 60 ஆகவும் பின்னர் 55 ஆகவும் இருந்த வயது வரம்பும் காலப்போக்கில் தளர்த்தப்பட்டது.

நடைபெறும் முறை

பதிவு செய்பவர் தமது உடல்நிலை, உட்கொள்ளும் மருந்துகள், உணவுக் கட்டுப்பாடு, அவசரத் தொடர்பாளர் ஆகிய விவரங்களை முன்னதாகவே தர வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கடினநிலை குறிக்கப்பட்டிருக்கும். ஒரு நாளில் நடக்க வேண்டிய தொலைவு, ஏற வேண்டிய படிகள், பயணப்பெட்டியைத் தாமே தூக்க வேண்டுமா என்பன அதில் விளக்கப்படும்.

பல திட்டங்களில் வானூர்தி நிலையத்திலேயே பயணி வரவேற்கப்படுகிறார். குழுத்தலைவர் பயணம் முழுவதும் உடன் வருவார். ஆங்காங்கே உள்ளூர் வழிகாட்டிகள் இணைவர். ஒரே ஊரில் மூன்று அல்லது நான்கு இரவுகள் தங்குவது, பிற்பகலில் ஓய்வு நேரம் விடுவது, சில உணவு வேளைகளைக் குழுவாகவும் சிலவற்றை விருப்பப்படியும் அமைப்பது ஆகியன வழக்கமான ஏற்பாடுகள்.

அறிமுகமற்ற ஊரில் இரவு உணவுக்குத் தனியாகச் சென்று அமர்வதைப் பலர் விரும்புவதில்லை. எனவே எல்லோரும் ஒரே மேசையில் அமரக்கூடிய குழு அளவு முக்கியத்துவம் பெறுகிறது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் ஒருவர் காலை உணவுக்கு வரவில்லையெனில் அது உடனே கவனிக்கப்படும். தனியாக வாழும் முதியவருக்கு இத்தகைய கவனிப்பு வீட்டில்கூட எப்போதும் கிடைப்பதில்லை.

தனிநபர் மிகைக்கட்டணம்

சுற்றுலாத் தொழிலில் சிங்கிள் சப்ளிமென்ட் என வழங்கப்படும் தனிநபர் மிகைக்கட்டணம், தனிப்பயணிகள் எதிர்கொள்ளும் முதன்மையான தடையாகும். விளம்பரங்களில் காணப்படும் விலை பெரும்பாலும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்கு ஆகும் விலையே ஆகும்.

கணக்கிடும் முறை

ஓர் எடுத்துக்காட்டாக, அறை ஒன்றின் ஓர் இரவு வாடகை 120 டாலர் என்றும் பயணம் 12 இரவுகள் என்றும் கொள்வோம். இருவர் தங்கினால் ஒருவரின் பங்கு 720 டாலர். ஒருவரே தங்கினால் அவர் 1,440 டாலர் முழுவதையும் ஏற்க வேண்டும். இடையிலுள்ள 720 டாலரே மிகைக்கட்டணத்தின் அடிப்படை. உணவு, நுழைவுச்சீட்டு, வானூர்திக் கட்டணம் ஆகியவை ஆளுக்கு ஏற்ப அமைவதால் இவற்றில் தனிப்பயணியால் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு இல்லை.

கப்பல்களில் நிலைமை வேறு. அறைகளின் எண்ணிக்கை மாறாதது. கட்டணத்தில் உணவும் அடங்கும். ஓர் அறையில் ஒருவர் மட்டும் தங்கினால் மற்றொருவரின் முழுக்கட்டணத்தையும் நிறுவனம் இழக்கிறது. இதனால் சில கப்பல் பயணங்களில் தனிப்பயணி இருவருக்கான கட்டணத்தையும் செலுத்த நேர்கிறது.

சிறுகுழுவின் பொதுச்செலவும் கூடுதலாகும். வழிகாட்டிக்கும் வாகனத்துக்கும் ஒரு நாளைக்கு 600 டாலர் ஆகும் எனில், 40 பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு 15 டாலரும், 12 பேர் கொண்ட குழுவில் 50 டாலரும் பங்காகும். ஆகவே சிறுகுழுவில் தனியாகச் செல்பவர் குழுவின் சிறுமைக்காக ஒரு முறையும், தம் தனிமைக்காக மற்றொரு முறையும் கூடுதலாகச் செலுத்துகிறார்.

குறைக்கும் வழிகள்

* அறைத்தோழர் இணைப்பு: ஒரே பாலினத்தைச் சேர்ந்த இரு தனிப்பயணிகளை நிறுவனமே ஓர் அறையில் சேர்த்தல். 1989 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட இன்ட்ரெப்பிட் நிறுவனமும் ரோடு ஸ்காலரும் இவ்வசதியை அளிக்கின்றன. இணை கிடைக்காவிடில் சில நிறுவனங்கள் மிகைக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன; சில அதனைப் பயணியிடமே வசூலிக்கின்றன. பதிவு செய்யுமுன் இதனைக் கேட்டறிவது அவசியம்.
* கட்டணமில்லாத் தனியறைகள்: ஒவ்வொரு பயணத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தனியறைகளை மிகைக்கட்டணமின்றி அல்லது குறைந்த கட்டணத்தில் ஒதுக்குதல். ஓவர்சீசு அட்வென்சர் டிராவல் இதனையே தன் சிறப்பாக விளம்பரப்படுத்துகிறது.
* பருவமல்லாத காலம்: விடுதிகளில் அறைகள் மிகுதியாக இருக்கும் மாதங்களில் புறப்படுதல்.
* தனிப்பயணிகளுக்கு மட்டுமான குழுக்கள்: இணையர் எவரும் இல்லாத பயணங்கள்.
* ஒருவருக்கென வடிவமைத்த அறைகள்: 2010 ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த நோர்வீஜியன் எபிக் என்னும் பெருங்கப்பலில் ஏறத்தாழ 100 சதுர அடி பரப்புள்ள 128 தனியறைகள் அமைக்கப்பட்டன. இது சிறுகுழுப் பயணம் அல்லவாயினும், தனிப்பயணியைக் கருத்தில் கொண்டு அறையையே மாற்றியமைத்த முயற்சி என்ற வகையில் குறிப்பிடத்தக்கது.

பயணிகள்

பியூ ஆய்வு மையம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஐக்கிய அமெரிக்காவில் 60 வயதைக் கடந்தோரில் 27 விழுக்காட்டினர் தனியாக வாழ்கின்றனர். ஆய்வு செய்யப்பட்ட 130 நாடுகளில் இது 16 விழுக்காடாகும். பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்வதாலும், கணவர் பெரும்பாலும் மனைவியைவிட வயதில் மூத்தவராக இருப்பதாலும் துணையிழந்த முதியோரில் பெண்களே மிகுதி. இதனால் மிகைக்கட்டணத்தின் சுமையும் அவர்கள் மீதே பெரிதும் விழுகிறது. துணைவருடன் சென்ற அதே பயணத்துக்கு, அவரை இழந்த பின்னர் கூடுதல் விலை தர வேண்டியிருப்பது இக்கட்டணத்தின் மீதான முதன்மையான மனக்குறையாகும்.

உடல்நலமும் காப்பீடும்

65 வயதைக் கடந்த அமெரிக்கர்களுக்கான மெடிகேர் அரசுக் காப்பீடு, சில விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டு மருத்துவச் செலவை ஏற்பதில்லை. சில துணைக்காப்பீட்டுத் திட்டங்கள் பயணத்தின் முதல் 60 நாட்களில் நேரும் அவசரச் சிகிச்சைக்கு, முதல் 250 டாலர் நீங்கலாக 80 விழுக்காட்டை ஏற்கின்றன. வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். நோயாளியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் மருத்துவ வானூர்திச் செலவுக்குத் தனிக்காப்பீடு தேவை. முன்பே உள்ள நோய்களுக்கும் ஈடு கிடைக்க வேண்டுமெனில், முன்பணம் செலுத்திய சில வாரங்களுக்குள் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதியாகும்.

நான்கு மணிநேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணிப்பது நாளக் குருதியுறைவுக்கான வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007 ஆம் ஆண்டில் தெரிவித்தது. உயரமும் கருதத்தக்கது. பெரு நாட்டின் குசுக்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. புகழ்பெற்ற மச்சு பிச்சு ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. எனவே குசுக்கோவில் இறங்கியவுடன் தாழ்வான பள்ளத்தாக்குக்குச் சென்று தங்கி, பின்னர் நகருக்குத் திரும்பும் வகையில் அமைந்த திட்டம் முதியோருக்கு ஏற்றது.

குறைபாடுகள்

குழுத்தலைவர் பராமரிப்பாளர் அல்லர். பயணி தம் மருந்துகளையும் உடைமைகளையும் தாமே கவனித்துக்கொள்ள வேண்டும் என்றும், அவ்வாறு இயலாதவரைப் பயணத்தின் இடையில் அவர் செலவிலேயே திருப்பி அனுப்பலாம் என்றும் ஒப்பந்தங்களில் விதிகள் காணப்படுகின்றன. இணையராக வருவோரில் ஒருவரின் மறதியையும் காது மந்தத்தையும் மற்றவர் ஈடுசெய்வார். தனியாக வருபவருக்கு அந்த மறைப்பு இல்லாததால், வீட்டில் வெளிப்படாத குறைகள் புதிய இடத்தில் முதன்முறையாகத் தெரியவரலாம்.

குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிடில் நிறுவனம் பயணத்தை இரத்து செய்யக்கூடும். சுற்றுலாக் கட்டணம் திருப்பித் தரப்பட்டாலும், தனியே வாங்கிய வானூர்திச் சீட்டுக்கு நிறுவனம் பொறுப்பேற்காமல் போகலாம். எனவே பயணம் உறுதிசெய்யப்பட்டதை அறிந்த பின்னரே சீட்டு வாங்குவது நல்லது.

இணையர் மிகுந்த குழுவில் தனிப்பயணி ஒதுங்கி நிற்க நேரிடுவதும் உண்டு. குழுவில் எத்தனை பேர் தனியாக வருகின்றனர் என்று முன்கூட்டியே வினவினால் பல நிறுவனங்கள் அந்த எண்ணிக்கையைத் தெரிவிக்கின்றன. மிகைக்கட்டணம் எவ்வளவு என்பதோடு இதனையும் கேட்டறிந்து பதிவு செய்வது பயனுள்ளதாகும்.

இவற்றையும் பார்க்க

* சுற்றுலா
* முதுமை
* இளைஞர் விடுதி
* வாழ்நாள் கல்வி