தாது வருஷப் பஞ்சமும் தட்டிக்கழித்த பொறுப்பும்

சாப்பாட்டைக் கண்டதும் பாய்ந்து பாய்ந்து சாப்பிடுகிறவனைப் பார்த்து "தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி" என்று கேலி செய்வது நம் ஊர்ப் பக்கம் பழைய வழக்கம். கேலி செய்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தாது வருஷம் எது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அது 1876 ஏப்ரலில் தொடங்கி 1877 ஏப்ரலில் முடிந்த வருஷம். பஞ்சம் மட்டும் அதோடு முடியவில்லை. அடுத்து வந்த ஈஸ்வர வருஷத்தையும் விழுங்கிவிட்டு, 1878 வரை நின்றது.

இன்று பனியன் என்றதும் நினைவுக்கு வரும் திருப்பூர் அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவின் பல்லடம் தாலுகாவில் இருந்த ஒரு சிறிய ஊர். (திருப்பூர் தனி மாவட்டம் ஆனது 2009ல்தான்.) சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் ரயில் பாதை 1862லேயே இந்த வழியாக வந்துவிட்டது. சுற்றிலும் சோளம், கம்பு, பருத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கும் பூமி என்பதால் தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பிழைப்பு. அதையும் முழுதாக நம்ப முடியாது என்பதால் கொங்கு விவசாயி கிணறு வெட்டி, காளைகளைக் கவலையில் பூட்டி நீர் இறைத்தான்.

1876ல் அந்த ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது. கிணறு வற்றியது ஒரு பக்கம். கொஞ்சம் தண்ணீர் இருந்த கிணற்றிலும் இறைக்க மாடு இல்லாமல் போனது இன்னொரு பக்கம். தீவனம் இல்லை என்றால் முதலில் சாவது மாடு. மாடு செத்தால் கிணறும் செத்த மாதிரிதான். காங்கேயம் காளைகளுக்குப் பேர் போன சீமைக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று சொல்லத் தேவையில்லை.

இதுவரை இயற்கையின் கணக்கு. இதற்கு மேல் நடந்ததெல்லாம் மனிதர்களின் கணக்கு. அதைப் புரிந்துகொள்ள பத்து வருஷம் பின்னால் போய், இரண்டு வேறு பஞ்சங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது 1866 ஒரிசா பஞ்சம். வங்காள மாகாண அதிகாரிகள், 'விலை ஏறினால் வியாபாரி தானாகவே தானியம் கொண்டு வருவான், அரசு தலையிட வேண்டாம்' என்று உட்கார்ந்திருந்தார்கள். பிறகு விழித்துக்கொண்டபோது பருவக்காற்று தொடங்கி, கப்பல்கள் ஒரிசாக் கரையை நெருங்க முடியாமல் போயிற்று. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். ஜார்ஜ் கேம்ப்பெல் தலைமையில் விசாரணைக் கமிஷன் போடப்பட்டது. அந்தக் கமிஷன் பூசி மெழுகவில்லை. மாகாணத்தின் தலைமை அதிகாரியான சர் செசில் பீடன் உட்பட யார் யார் எங்கே தவறினார்கள் என்று எழுதியது. லண்டனில் இந்திய மந்திரியாக இருந்த சாலிஸ்பரி பிரபு, பதவியேற்ற புதிதில் இரண்டு மாதம் தான் ஒன்றும் செய்யாமல் இருந்ததைப் பிற்பாடு தானே சொல்லி, பழியிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ள முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் ஆட்சி வரலாற்றில் இப்படிப்பட்ட வார்த்தைகள் அபூர்வம். சாலிஸ்பரியின் பெயரை மறந்துவிட வேண்டாம், மறுபடியும் வருவார்.

இரண்டாவது 1873-74 பீகார் பஞ்சம். இந்தத் தடவை வங்காளத்தை ஆண்டவர் ஒரிசா அறிக்கையை எழுதிய அதே கேம்ப்பெல். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு. நிவாரணப் பொறுப்பு சர் ரிச்சர்ட் டெம்பிளிடம் வந்தது. பர்மாவிலிருந்து சுமார் 4.5 லட்சம் டன் அரிசி இறக்குமதி செய்தார்கள். பசிக்கு ஆள் சாகவில்லை என்று சொல்லும் அளவுக்கு வேலை நடந்தது. ஆனால் செலவு ஆறு கோடி ரூபாய்க்கு மேல் போய்விட்டது, அரிசியும் மிச்சமாகிவிட்டது. பாராட்டு கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? கிடைத்தது வசைதான். ஊதாரித்தனம் என்று பேர் வாங்கினார் டெம்பிள்.

ஆக, சாகவிட்டவர்களுக்குக் கண்டனம், காப்பாற்றியவருக்கும் கண்டனம். அதிகாரிகள் இதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பார்கள் என்பதை ஊகிக்க பெரிய அறிவு தேவையில்லை.

இப்போது 1876க்கு வரலாம். சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன். (சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அந்தப் பெயர் வந்தது இவரால்தான். கால்வாயின் நகரத்துப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது.) நிலைமை கைமீறுவதைக் கண்டு சென்னை அரசு, அர்பத்நாட் கம்பெனி மூலமாக 30,000 டன் தானியத்தைச் சத்தமில்லாமல் வாங்க ஏற்பாடு செய்தது. நிவாரண வேலைகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். புதிய வைஸ்ராய் லிட்டன் பிரபுவுக்கு இது பிடிக்கவில்லை. அரசு தானியம் வாங்கினால் வியாபாரம் கெடும் என்பது அவர் கொள்கை. பஞ்சத்துக்குச் செலவிட்டால் கஜானா கெடும் என்பது அவர் கவலை. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க டெல்லியில் மாபெரும் தர்பார் நடந்தது. சென்னை கவர்னரும் பஞ்சத்தை விட்டுவிட்டு அதற்குப் போக வேண்டியதாயிற்று.

அதே மாதம் சென்னையைச் 'சரிசெய்ய' ஒரு சிறப்புப் பிரதிநிதியை லிட்டன் அனுப்பினார். யாரை என்றால், டெம்பிளை! பீகாரில் ஊதாரி என்று பேர் வாங்கியவர், அந்தக் கறையைக் கழுவிக்கொள்ளும் அவசரத்தில் வந்து சேர்ந்தார். ஊர் ஊராக வேகமாகச் சுற்றினார். நிவாரண வேலையிலிருந்து பெருங்கூட்டத்தைக் குறைக்கச் செய்தார். வேலையில் இருப்பவர்களுக்கும் கூலியை வெட்டினார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் (சுமார் 450 கிராம்) ஓர் அணாவும். பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. சரித்திரத்தில் 'டெம்பிள் கூலி' என்று பேர் பெற்றது இதுதான். பம்பாய் மாகாணத்தில் இந்தக் கூலியை எதிர்த்து நிவாரணத் தொழிலாளர்கள் வேலைக்கே வர மறுத்தார்கள். பட்டினி கிடப்பவர்கள் செய்த வேலைநிறுத்தம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. அரசாங்கத்தின் உள்ளேயிருந்தே வந்தது. மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். இவர் இரண்டு விஷயங்களில் நிபுணர். தென்னிந்தியர் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைக் கைதிக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்பதைப் பல வருஷங்களுக்கு முன்பே ஆராய்ந்தவர். 1871 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் சென்னை அறிக்கையை எழுதியவரும் இவரே. அதாவது, இந்த மக்கள் எத்தனை பேர் என்பதும் அவர்களுக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்பதும் தெரிந்த மனிதர். ஒரு ராத்தல் என்பது உழைக்கிற உடம்புக்கு மெதுவான சாவு என்று அவர் எழுதினார். குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும், கூடவே பருப்பு, காய்கறியும் வேண்டும் என்றார். டெம்பிள் பதில் எழுதினார். கார்னிஷ் அதற்குப் பதில் எழுதினார். காகிதம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நிவாரண முகாம்களில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1877 மே மாதம் சென்னை அரசு கார்னிஷ் பக்கம் சாய்ந்து, கூலித் தானியத்தை ஒன்றேகால் ராத்தலாக உயர்த்திப் பருப்பையும் சேர்த்தது. அதற்குள் ஜனவரி முதல் மே வரை போய்விட்டது. ஏற்கெனவே மெலிந்த உடம்புகளுக்கு நாலு மாதம் என்பது நீண்ட காலம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமும் காலை வாரியது. ஆகஸ்டில் பக்கிங்ஹாம் லண்டன் மக்களிடம் நேரடியாக உதவி கேட்டார். அதன் பிறகுதான் லிட்டன் சென்னைக்கு நேரில் வந்து பார்த்தார். செப்டம்பர், அக்டோபரில் மழை பெய்தது. காலராவும் காய்ச்சலும் விட்டபாடில்லை.

இங்கே நெசவாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், கொங்குநாட்டுக்கு அது முக்கியம். பஞ்சம் வந்தால் குடும்பம் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதை. ஆகவே விவசாயிக்குக் களஞ்சியம் காலியாகும் முன்பே நெசவாளிக்குத் தறி நின்றுவிடும். தறிக்குழியில் உட்கார்ந்து பழகிய உடம்பு ரோட்டில் கல் உடைக்கத் தாங்காது. கடைசியில் சென்னை அரசு நூல் கொடுத்து நெய்யச் சொல்லித் துணியைத் தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. வாங்கிய துணியைப் பின்னால் விற்கவும் முடிந்தது. டெம்பிளின் சிக்கனத்தைவிடப் புத்திசாலித்தனமான சிக்கனம் இதுதான் என்று தோன்றுகிறது.

கணக்குக்கு வருவோம். 1871ல் கோயம்புத்தூர் ஜில்லாவின் மக்கள் தொகை சுமார் 17.6 லட்சம். 1881ல் அது 16.6 லட்சம். பக்கத்து சேலம் ஜில்லாவில் 19.7 லட்சம் 16 லட்சமாக இறங்கியது. பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய தொகை குறைந்திருக்கிறது. இதில் எல்லாரும் செத்தவர்கள் அல்ல. மாகாணமெங்குமிருந்து எத்தனையோ குடும்பங்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டுப் போயின. மொத்த பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது அரசாங்கமே ஒத்துக்கொண்ட கணக்கு.

அப்படியானால் யார் பொறுப்பு?

1878ல் பஞ்சக் கமிஷன் அமைக்கப்பட்டது. தலைவர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. லிட்டனின் நிதி மந்திரி ஜான் ஸ்ட்ரேச்சிக்குக் கூடப் பிறந்தவர். தம்பி செலவைக் குறைத்தது சரியா என்று அண்ணன் விசாரிக்கும் ஏற்பாடு! 1880ல் வெளிவந்த அறிக்கை பெரும்பாலும் வறட்சியைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஒரிசா அறிக்கைபோல யார் பெயரையும் சுட்டிக் கேள்வி கேட்கவில்லை. டெம்பிள் 1877லேயே பம்பாய் கவர்னர் ஆகிவிட்டார். லண்டனில் 1874 முதல் 1878 வரை இந்திய மந்திரியாக இருந்தவர் யார்? அதே சாலிஸ்பரி. ஒரிசாவுக்காக வருந்தியவர், சென்னை விஷயத்தில் லிட்டனின் சிக்கனத்துக்குத் துணை நின்றார்.

விசித்திரம் என்னவென்றால், ஆளுக்கு ஆள் காட்டுவதற்கு ஒரு காரணம் இருந்தது. லிட்டன் சென்னையின் நிர்வாகத்தைக் குறை சொன்னார். சென்னை கல்கத்தாவின் கட்டுப்பாட்டைச் சொன்னது. டெம்பிள் தனக்கு வந்த உத்தரவைச் சொல்லலாம். தாசில்தார் மேலே கையைக் காட்டலாம். தானியத்தைப் பதுக்கிய வியாபாரியும், நிவாரணப் பட்டியலில் பொய்ப் பெயர் எழுதிய கிராம அதிகாரியும் கவர்னரைக் காட்டலாம். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு உண்மை இருந்தது. ஆனால் எல்லாரும் சமமான பொறுப்பாளிகள் என்று சொல்வது பெரிய அநியாயம். கர்ணம் பத்துப் பெயரைத் திருடினால் பத்துப் பேர் கஞ்சி போகும். வைஸ்ராய் அரை ராத்தலைக் குறைத்தால் லட்சம் பேர் கஞ்சி போகும். யாருக்கு மாற்றும் அதிகாரம் இருந்ததோ அவர் பங்கு பெரிது. கார்னிஷும் இதே அரசாங்கத்தில் சம்பளம் வாங்கியவர்தான். அவரால் எழுத முடிந்தது என்பதே, 'அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது' என்ற சமாதானத்தை உடைத்துவிடுகிறது.

ஆனாலும் அந்தக் கமிஷனை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. நடந்த தவறுக்குப் பெயர் போட மறுத்த அதே கமிஷனின் சிபாரிசில்தான் 1883ல் பஞ்ச விதித் தொகுப்பு வந்தது. மழை தவறினால், விலை ஏறினால், மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பினால் கிராம அதிகாரி என்ன தெரிவிக்க வேண்டும், கலெக்டர் எப்போது வேலை திறக்க வேண்டும், வேலை செய்ய முடியாதவருக்கு யார் சோறு போட வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். நெசவாளருக்கு அவரவர் தொழிலிலேயே நிவாரணம் என்பதும் அந்தச் சிந்தனையில் இடம் பிடித்தது. இப்படி எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், 1877ல் இவை நடக்கவில்லை என்றுதானே பொருள்? குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் எழுதிய ஒப்புதல் வாக்குமூலம் என்று அதைச் சொல்லலாம். அந்த விதிகளின் பலம் எவ்வளவு என்பது 1943 வங்காளப் பஞ்சத்தில் தலைகீழாகத் தெரிந்தது. பஞ்சம் என்று அறிவித்தால் விதிப்படி செய்ய வேண்டிய கடமைகள் வந்துவிடும் என்பதால், வங்காள அரசு கடைசி வரை பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை.

1880 அறிக்கையில் ஒரு மாற்றுக் கருத்தும் இருந்தது. ஸ்காட்லாந்து விவசாய நிபுணர் ஜேம்ஸ் கெயர்டும், சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த சல்லிவனும் மற்ற உறுப்பினர்களோடு ஒத்துப்போகாமல் தனிக் குறிப்பு எழுதினார்கள். பஞ்சத்துக்கென்று அரசே தானியத்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. வியாபாரத்தில் தலையீடு என்று சொல்லி மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. அரசு தானியம் வாங்கிச் சேமிப்பதற்கென்றே இந்திய உணவுக் கழகம் ஏற்பட்டது 1965 ஜனவரியில். அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்ட ஊர் தஞ்சாவூர்.