மெழுகு இறங்கிய முகம்

முதுகலை வகுப்பில் சூர்ப்பணகைப் படலம் நடத்தி முடித்த அன்று, ஒரு மாணவி தனியே வந்து கேட்டாள்: “மூக்குல ஃபில்லர் போட்டா பின்னால ஏதாவது ஆகுமா மேடம்?” பெண் பார்க்க வந்தவர்கள் ‘மூக்கு சப்பை’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். என் இருபதுகளில் நானும் கேட்ட சொல் அது. அவளுக்குப் பதில் தேடித்தான் கிளாடிஸ் டீக்கனிடம் வந்து சேர்ந்தேன்.

1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சூனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விதைகளை இழந்த ஓர் இளைஞருக்கு, வெளித்தோற்றத்துக்காக வாசலினை ஊசியால் ஏற்றினார். விரைவிலேயே சிஃபிலிஸால் பாலம் சரிந்த மூக்குகளை நிமிர்த்த வாசலினும் பாரஃபின் மெழுகும் பயன்பட்டன. கத்தி இல்லை, தழும்பு இல்லை. பிறகு நோயில்லாத மூக்குகளையும் அந்த ஊசி தேடி வந்தது.

கிளாடிஸ் 1881இல் பாரிஸில் பிறந்த அமெரிக்கப் பெண், அழகுக்குப் பெயர்பெற்றவர். நெற்றியும் மூக்கும் ஒரே கோட்டில் அமைந்த கிரேக்கச் சிலையின் மூக்கை விரும்பி, 22 வயதில் மெழுகு ஏற்றிக்கொண்டார். அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. முகவாய்வரை இறங்கிக் கட்டிகளாகத் தங்கியது.

அதைத் திருத்துவதும் எளிதல்ல. உடல் மெழுகைச் சுற்றி நார்த்திசுவைக் கட்டிவிடும், பாரஃபினோமா என்பார்கள். சதையோடு பின்னிய அதைச் சதையோடுதான் அறுக்க வேண்டும். மெழுகு இரத்தக்குழாயில் புகுந்து பார்வை பறிபோனதும் அக்காலத்திலேயே பதிவாகியிருக்கிறது.

கிளாடிஸ் 1921இல் மார்ல்பரோ கோமகனை மணந்தார். 1977இல், 96 வயதில், ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். அவர் கதையை ‘அழகுக்கு ஆசைப்பட்டு அழகை இழந்தவள்’ என்றே முடிக்கிறார்கள். ஊசி பிடித்த கையைப் பற்றிப் பேச்சில்லை. 1794இல் லண்டன் இதழொன்று காவஸ்ஜி என்பவரைப் பற்றி எழுதியது. ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரரான அவர், திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்டவர். பூனா அருகே நெற்றித் தோலால் புதுமூக்கு பெற்றவர். அவரை யாரும் பழித்ததில்லை, பழிக்கவும் கூடாது. ஆனால் ஊரார் சொல்லால் அறுபடும் பெண்ணின் மூக்கு மட்டும் ஏன் காயமாகக் கணக்கில் வருவதில்லை?

இன்றைய ஹையலுரானிக் அமில ஃபில்லரை ஒரு நொதியால் கரைக்கலாம். ஆனால் அது இரத்தக்குழாயை அடைத்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தோல் கறுத்து அழுகலாம், கண்பார்வையும் போகலாம். உள்ளே வைத்த சிலிக்கான் துண்டு, நுனித்தோலை மெலியவைத்துத் துளைத்து வெளிவருவதுண்டு. அப்போது அதை எடுத்துவிட்டு, தொற்று இருந்தால் அதை ஆற்றி, பெரும்பாலும் விலாவின் குருத்தெலும்பைச் செதுக்கி மூக்கை மறுபடி கட்டுகிறார்கள். ‘சப்பை’ என்றவர்கள் யாரும் அந்தக் கட்டிலருகே நிற்பதில்லை.

இவ்வளவையும் மாணவியிடம் சொன்னேன். ‘போடாதே’ என்று சொல்லவில்லை, மூக்கு அவளுடையது. சற்று யோசித்துவிட்டு, “மாப்பிள்ளை மூக்கை எங்க வீட்ல யாருமே பார்க்கல மேடம்” என்றாள். இருவரும் சிரித்தோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீட்டார் வருகிறார்களாம்.