வாடகைக் கார்: சிறு கீறலும் பெரும் கட்டணமும்

ஐரோப்பாவில் விடுமுறைக்குக் காரை வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள், தாம் அறியாத ஒரு கீறலுக்காகத் தமது கடனட்டையிலிருந்து பணம் எடுக்கப்பட்டுள்ளதாகப் பின்னர் முறையிடுவது நீண்டகாலமாகத் தொடரும் ஒரு பிரச்சினை.

காரைக் கையளிக்கும்போதே நிறுவனங்கள் வாடிக்கையாளரின் அட்டையில் ஒரு தொகையை முடக்கி வைக்கின்றன. அடிப்படைக் காப்புறுதி இருந்தாலும், சேதத்தில் குறிப்பிட்ட வரம்பு வரையான செலவை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. 'எக்ஸஸ்' எனப்படும் இந்த வரம்பு பல சமயங்களில் 1000 யூரோக்களைத் தாண்டுகிறது. சிறு சேதங்கள் இதற்குள் அடங்கிவிடுவதால், முழுச் சுமையும் வாடிக்கையாளர் மீதே விழுகிறது. டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் ஆகியவற்றுக்குப் பல ஒப்பந்தங்களில் பாதுகாப்பே கிடையாது.

கீறல் விழுந்த கார் மறுவிற்பனையில் மதிப்பிழக்கும், பழுதுபார்க்கும் நாட்களில் வருமானம் தராது என்பது நிறுவனங்களின் வாதம். அது நியாயமானதே. ஆனால் அந்தக் கீறல் எப்போது விழுந்தது என்பதுதான் தகராறின் மையம்.

ஐரோப்பிய ஆணையமும் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகளும் நடத்திய பேச்சுக்களை அடுத்து, ஏவிஸ்-பட்ஜெட், என்டர்பிரைஸ், யூரோப்கார், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் தமது நடைமுறைகளைச் சீர்செய்ய 2015 ஆம் ஆண்டில் இணங்கின. பணம் எடுப்பதற்கு முன்னர், சேதத்தை மறுத்துரைக்க வாடிக்கையாளருக்கு நியாயமான வாய்ப்பு அளிப்பதும் அவற்றில் ஒன்று.

ஆதாரம் பற்றிய இந்தக் கேள்விக்குத் தொழில்நுட்பம் புதிய வடிவம் கொடுத்துள்ளது. அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் ஹெர்ட்ஸ் நிறுவனம் செயற்கை நுண்ணறிவு ஸ்கேனர்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. கார் வெளியேறும்போதும் திரும்பும்போதும் எடுக்கப்படும் படங்களை அவை ஒப்பிடுகின்றன. பழைய சேதம் புதியவர் மீது சுமத்தப்படுவதை இது தடுக்கக்கூடும். அதேவேளை, கண்ணுக்கு எளிதில் தெரியாத உரசல்களுக்கும் கட்டணம் கேட்கப்படுவதாக விமர்சனங்கள் எழுந்தன.

நிறுவனத்திடம் படங்கள் இருக்கும்போது, வாடிக்கையாளரிடமும் படங்கள் இருப்பது அவசியமாகிறது. காரைப் பெறும்போதும் ஒப்படைக்கும்போதும் சக்கரங்கள், கூரை, கண்ணாடி உட்பட அனைத்தையும் படம்பிடிப்பதும், ஏற்கனவே உள்ள கீறல்களைப் படிவத்தில் பதிந்து ஊழியரின் கையொப்பம் பெறுவதும், இயன்றவரை அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் காரை ஒப்படைப்பதும் பயன்தரும். பின்னர் கட்டணம் கோரப்பட்டால், சேதத்தின் படத்தையும் பழுதுபார்ப்புச் செலவின் விவரத்தையும் எழுத்துமூலம் கேட்கலாம்.

எந்த ஆதாரமும் இல்லாமல் வீடு திரும்பிய பயணிக்கு, கட்டணத்தை மறுத்துரைப்பது கடினமாகிறது.