பக்கத்து நாய்

நாயைப் பழக்குவது மனிதனுக்குப் புதிய வித்தையன்று; வேட்டைக்கும் காவலுக்கும் ஆட்டுக்கிடைக்கும் அவன் அதைப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழக்கி வந்திருக்கிறான். ஆனால் முன்பின் அறியாத பத்துப் பன்னிரண்டு பேர், அதேபோல் ஒன்றையொன்று அறியாத தங்கள் நாய்களை வாரில் பிடித்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மாலை ஒரே கூடத்தில் வட்டமிட்டு நடந்து பாடம் கேட்கும் ஏற்பாடு மிகச் சமீபத்தியது. அந்த ஏற்பாட்டின் சரித்திரத்தைப் புரட்டுகிறவனுக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் படும். வகுப்புக்குள் நுழையும் இளநாய்க்கு அங்கே ஆசிரியரும் பொருட்டல்ல, எஜமானரும் பொருட்டல்ல; அதன் புலன்கள் ஐந்தும் பக்கத்தில் நிற்கும் இன்னொரு நாயின்மேல்தான் லயித்திருக்கின்றன. அப்படியிருந்தும், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம், அந்தப் பக்கத்து நாய் அங்கே இல்லை என்று பாவித்தே பாடங்கள் வகுக்கப்பட்டன.

காரணத்தை அறிய இந்தக் கலையின் பூர்வோத்தரத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் சார்புருக்கன் நகரில் 1906-ஆம் ஆண்டு போலீஸ் நாய்களைப் பழக்கத் தொடங்கிய கொன்ராட் மோஸ்ட் என்ற அதிகாரி, 1910-இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். வாரைச் சுண்டியிழுப்பதும், முள் பதித்த கழுத்துப்பட்டையும், பிரம்பும் அதில் தாராளமாக இடம்பெற்றன. இதனால் அவரை வெறும் தடிக்காரர் என்று தள்ளிவிடுவது அநியாயம். வெகுமதியோ தண்டனையோ செய்கையை ஒட்டி அந்தக் கணத்திலேயே வந்தாலொழிய மிருகத்துக்கு விளங்காது என்ற உண்மையை, மனோதத்துவ சாஸ்திரிகள் சோதனைச்சாலையில் நிரூபிப்பதற்கு முன்பே கண்டு சொன்னவர் அவர். ஆயினும் குற்றவாளியைத் துரத்தும் போலீஸ் நாய்க்கு வழியில் எதிர்ப்படும் நாய் ஓர் இடையூறு, அவ்வளவுதான். அதை எப்படிச் சந்திப்பது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. பின்னாளில் வீட்டு நாய்களுக்கு வகுப்பு நடத்த வந்தவர்கள், முறைகளோடு சேர்த்து இந்த மனோபாவத்தையும் சுவீகரித்துக்கொண்டார்கள்.

வகுப்பு என்ற அமைப்புக்கு அமெரிக்காவில் வித்திட்டவர் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற சீமாட்டி. பூடில் நாய்களை வளர்த்து வந்த இவரிடம், ரோமத்தைச் சிங்காரமாகக் கத்தரித்துவிட்ட அந்த ஜாதி அலங்காரத்துக்குத்தான் லாயக்கு என்று பலர் பரிகாசம் செய்தார்கள். பரிகாசத்துக்குப் பதில் சொல்லும் பொருட்டு, இங்கிலாந்தில் நடந்துவந்த கீழ்ப்படிதல் போட்டிகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1933-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோவில் தம் தந்தையின் தோட்டத்தில் ஒரு பரீட்சை நடத்தினார். வந்தவை எட்டே நாய்கள். மூன்று ஆண்டுகளுக்குள் அமெரிக்கன் கென்னல் கிளப் விதிகளை வகுத்து அங்கீகாரம் அளித்துவிட்டது. 1937-இல் வாக்கரும், அவரிடம் நாய்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு அமர்ந்து பிற்பாடு அத்துறையின் தலைசிறந்த ஆசிரியையாகத் திகழ்ந்த பிளான்ச் சாண்டர்ஸும், ஒரு மோட்டாரின் பின்னால் வீட்டுவண்டியைக் கோத்துக்கொண்டு, மூன்று பூடில்களுடன் சுமார் 10,000 மைல் தேச சஞ்சாரம் செய்து, ஊர் ஊராக இந்தப் புதுமையைக் காட்டி வந்தார்கள். பொது வகுப்புகள் பெருகியது இந்தப் பிரசாரத்தின் பலன்.

போட்டிக்குப் பாடமாக அமைந்தவற்றுள் ஒன்றைச் சற்று நின்று பார்க்கலாம். நாய்களை ஒரே வரிசையில் உட்கார வைத்து, வாரைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, எஜமானர்கள் களத்தின் எதிர்ப்புறம் போய் நிற்பார்கள். தொடக்கநிலை நாய் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு மூன்று நிமிஷம் படுத்திருக்க வேண்டும். அடுத்த படியில் அந்த அளவு மூன்று நிமிஷமும் ஐந்து நிமிஷமுமாக உயரும். எஜமானரும் கண்ணுக்கு மறைவாகப் போய்விடுவார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், வரிசையில் உள்ள இளநாய் கொட்டாவி விடும், மூக்கை நக்கிக்கொள்ளும், பக்கத்து நாய் கண் இமைக்காமல் வெறித்தால் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்ளும். எழுந்திருக்கவில்லையென்றால் முழு மதிப்பெண். அந்தக் கொட்டாவியும் முகத்திருப்பமும் 'எனக்குச் சண்டையில் விருப்பமில்லை' என்று நாய் நாய்க்குச் சொல்லும் சேதிகள் என்று நார்வே தேசத்துப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் 1990-களில் எடுத்து விளக்கும்வரை, அவற்றைக் குறித்து வைக்க வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. வரிசையிலிருந்து எழுந்த ஒரு நாய் அடுத்ததன்மேல் பாய்ந்த சம்பவங்களைப் பற்றிய முறையீடுகள் வலுத்த பிறகு, 2018-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் விதியை மாற்றியது: தொடக்கநிலையில் வார் எஜமானர் கையிலேயே இருக்க வேண்டும், மறைவில் போய் நிற்பது நிறுத்தப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ராணுவத்தில் நாய்களைப் பழக்கியவர்கள் சிவில் வாழ்க்கைக்குத் திரும்பி வகுப்பு நடத்தினார்கள். அவர்களுள் பிரசித்தி பெற்ற வில்லியம் கோலர் 1962-இல் வெளியிட்ட நூல் ஒரு தலைமுறைக்கே பிரமாணமாக விளங்கிற்று. அவருடைய முறையில், இறுக்குச் சங்கிலியும் எதிர்பாராத கணத்தில் விழும் பலத்த சுண்டலும் பிரதானம். மற்றொரு நாயைக் கண்டு குரைத்த குட்டிக்குச் சுண்டல் விழும், குரைப்பு நின்றுவிடும். நின்றது குரைப்பா, அதற்கு மூலமான அச்சமா என்று யாரும் விசாரிக்கவில்லை. போதாக்குறைக்கு, பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆராய்ச்சி கைக்குக் கை மாறிச் சிதைந்து, நாய்களுக்கிடையே எழும் ஒவ்வோர் உறுமலும் தலைமைப் பதவிக்கான போராட்டம் என்ற சித்தாந்தமாகப் பரவியிருந்தது. ஓநாய்களைப் பற்றிய தம் நூலால் அந்தக் கொள்கையைப் பிரபலப்படுத்திய டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999-இல் திருத்தி எழுதினார். திருத்தம் வருவதற்குள், உறுமினால் உதை என்ற பாடம் எத்தனையோ நாய்களுக்குக் கற்பிக்கப்பட்டாகிவிட்டது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கப் பழகிய நாய் எச்சரிக்காமலே கடிக்கும்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில், உண்மையான விடை மெயின் மாநிலத்து பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆராய்ச்சிச்சாலையில் சிரத்தையோடு தேடப்பட்டு வந்தது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து ஜாதி நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து 1965-இல் நூல் எழுதினார்கள். ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை உள்ள பருவமே குட்டி தன் உறவுகளை நிர்ணயித்துக்கொள்ளும் காலம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதற்கு முன்பே, 1961-இல், அதே இடத்தில் செய்த இன்னொரு சோதனையில், உயர்ந்த பலகை வேலிக்குள் மனித சகவாசமின்றிப் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள் காட்டு மிருகங்களைப்போல் ஆகிவிட்டன. மனிதனைப் பற்றிய இந்த உண்மை மற்ற நாய்களுக்கும் பொருந்தும். தாயையும் உடன்பிறந்தவற்றையும் விட்டுச் சீக்கிரமே பிரிந்து, பிறகு வேறு நாயின் முகத்தையே பாராமல் வளர்ந்த குட்டிக்கு நாய்ப் பாஷை அரைகுறையாகத்தான் வரும்.

வகுப்புகளோ ஆறு மாதம் நிரம்பாத குட்டியைச் சேர்ப்பதில்லை. சங்கிலிச் சுண்டலைத் தாங்கக் கழுத்து முற்ற வேண்டுமல்லவா? அந்தப் பருவத்தின் ஜன்னல் சாத்திய பிறகே குட்டி பள்ளிக்கு வந்தது. இதற்கு வைத்திய சாஸ்திரமும் துணை நின்றது. டிஸ்டெம்பர் நோயின் பயம் முன்னமே உண்டு. 1978-இல் பார்வோ என்ற புதிய தொற்று உலகெங்கும் பரவிக் குட்டிகளைக் கொள்ளை கொண்டபோது, தடுப்பூசி வரிசை முடியும்வரை குட்டியை வாசற்படி தாண்ட விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொன்னதில் குற்றம் காண முடியாது. குட்டி பிழைத்தது, ஆனால் தெருவில் முதல் நாயைப் பார்த்தபோது அதற்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. நம் ஊர்த் தெருக்களில் பிறக்கும் குட்டிகளுக்கு நோயிலிருந்து பாதுகாப்பு இல்லை, ஆனால் இந்தக் கல்வி கட்டணமின்றிக் கிடைத்துவிடுகிறது என்பதை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர், லண்டனில் கால்நடை மருத்துவம் கற்று, கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் நாய்களின் நடத்தையை ஆராய்ந்த இயன் டன்பார். 1980-களின் தொடக்கத்தில் இவர் ஏற்படுத்திய வகுப்பில் இரண்டு விபரீதங்கள் இருந்தன: மாணவர்கள் சின்னஞ்சிறு குட்டிகள், அவற்றின் கழுத்தில் வார் இல்லை. குட்டிகள் உருண்டு புரண்டு விளையாட, எஜமானர்கள் இடையிடையே கூப்பிட்டு உட்காரச் சொல்லித் தின்பண்டம் கொடுத்து மறுபடியும் விளையாட அனுப்பினார்கள். மற்ற நாய் இடையூறு என்ற நிலை மாறி வெகுமதியே ஆகிவிட்டது. ஒரு குட்டி மற்றொன்றின் காதைப் பலமாகக் கடித்தால் கடிபட்டது வீரிட்டு விலகிக்கொள்ளும், விளையாட்டு நின்றுபோகும். பால் பற்கள் ஊசிபோல் கூர்மையாயிருந்தாலும் தாடைக்குப் பலமில்லாத அந்தப் பிராயத்தில், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவை இப்படி ஒன்றுக்கொன்று கற்பித்துக்கொள்கின்றன. இதை மனிதனால் இவ்வளவு துல்லியமாகக் கற்பிக்க இயலாது என்றே நினைக்கிறேன்.

மருத்துவர்களின் தயக்கம் நீங்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2008-இல்தான் அமெரிக்காவில் மிருக நடத்தையை ஆராயும் கால்நடை மருத்துவர்களின் சங்கம், முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கழித்து, குடற்பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால், ஏழெட்டு வாரக் குட்டியையே வகுப்புக்கு அனுப்பலாம் என்று அறிக்கை விடுத்தது.

ஆனால் புதிய முறைக்கும் ஒரு கேடு விளைந்தது. பத்துக் குட்டிகளைக் கூடத்தில் அவிழ்த்துவிட்டால் அவை தாமாகவே சமர்த்தாகிவிடும் என்று சிலர் எண்ணிக்கொண்டார்கள். முரட்டுக் குட்டி முட்டித் தள்ளக் கற்றது. கூச்சக் குட்டி நாய்கள் பொல்லாதவை என்று கற்றது. வேறு சில, எந்த நாயைக் கண்டாலும் விளையாட்டு உண்டு என்று நம்பி, வார் தடுக்கும்போது ஆத்திரம் தாங்காமல் குரைத்துத் துள்ளின. அமெரிக்கன் கென்னல் கிளப் 1989-இல் ஏற்படுத்திய நற்குடி நாய்ப் பரீட்சையில் எதிர்பார்ப்பு மிதமானது: இரண்டு பேர் சுமார் இருபது அடி தூரத்திலிருந்து தத்தம் நாய்களோடு எதிரெதிரே வந்து, கைகுலுக்கி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும்; அதற்குள் நாய்கள் ஒன்றையொன்று சாதாரணமாகப் பார்த்துக்கொள்வதோடு சரி. 2007-இல் வெளிவந்த லெஸ்லி மெக்டெவிட்டின் நூல், கலவரப்படும் நாய்க்கு வேறொரு வழி சொன்னது: தொலைவில் இன்னொரு நாயை நிறுத்தி, அதைப் பார்த்த கணத்திலேயே தின்பண்டம் கொடுத்துவிடுவது. பார்க்காதே என்று அடக்கிய காலம் போய், பார்த்ததற்குக் கூலி கொடுக்கும் காலம் வந்தது.

இப்போது தேர்ந்த ஆசிரியர்கள் கூடத்தின் நடுவே சிறு தட்டிகளை நிறுத்தி, சுபாவம் ஒத்த குட்டிகளை இரண்டு மூன்றாகப் பிரித்துவிடுகிறார்கள். அடியில் மாட்டிக்கொண்ட குட்டி விளையாடுகிறதா, தவிக்கிறதா என்ற சந்தேகம் எழும்போது, மேலே ஏறியதைக் கழுத்துப்பட்டையில் பிடித்துச் சில விநாடி விலக்கி நிறுத்துவார்கள். அடியில் கிடந்தது உடம்பை உதறிக்கொண்டு, முன்னங்கால்களைத் தரையில் பரப்பி, பின்புறத்தை உயர்த்தித் தானே திரும்ப வந்தால், பிடித்ததை விட்டுவிடலாம். நாற்காலிக்கு அடியில் போய் நுழைந்துகொண்டால், முரடனுக்கு வேறு ஜோடி தேடப்படும். ஒளிந்துகொண்டதற்கும் இன்னும் சாதுவான கூட்டாளி ஒன்றை அடுத்த வாரம் பார்ப்பார்கள்.